கேட்டுத் தெரிந்துகொண்டவள்

அவளுக்குக் கேட்கத் தெரியும். அவளைப் பற்றி யாராவது என்னிடம் விசாரித்தால் முதலில் அதைத்தான் சொல்வேன். எங்கள் தோட்டத்தில் பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சண்டை போடவும் பாடவும் ஒப்பாரி வைக்கவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கோலசிலாங்கூர் பக்கம் ஈஜோக்குக்கு உள்ளே, செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பாவாடை கட்டிய வயதிலேயே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. ரப்பர் பாலில் எதற்கு ஆசிட் ஊற்றுகிறார்கள்? மழை பெய்தால்தான் வேலையே இல்லையே, வேலை வாங்குகிற மண்டோர் ஏன் தினமும் குடையோடு வருகிறார்? ஒருமுறை தோட்டத்து ஆஸ்பத்திரியில் எல்லோரும் காய்ச்சலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மருந்து கொடுக்கிற டிரசரைப் பார்த்து, “காய்ச்சலுக்கும் வயித்துவலிக்கும் ஏன் ஒரே புட்டியிலேருந்து ஊத்துறீங்க?” என்று கேட்டாள். யார்மேலும் எரிந்து விழுகிற மனிதர் அவர். அன்றைக்கு என்னவோ புட்டிகளை எல்லாம் மேசைமேல் எடுத்து வைத்து, நிறம்தான் ஒன்று, மருந்து வேறு என்று அவளுக்கு விளக்கினார். வரிசை நீண்டுகொண்டே போனது. யாரும் முணுமுணுக்கவில்லை. நாங்களும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வாள். கண்ணை நம் முகத்திலிருந்து எடுக்க மாட்டாள். குறுக்கே பேசவே மாட்டாள். நாம் சொல்லி முடித்ததும், அதையே நம்மைவிடத் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, “இதுதானண்ணே?” என்பாள். நாம் அறியாமலே நிமிர்ந்து உட்காருவோம். லயத்துக்காரர்களிடம் அதுவரை பேசிய பெரிய மனிதர்கள் எல்லாம் ஏதாவது ஏவுவதற்குத்தான் பேசியிருந்தார்கள். எங்களுக்கு ஏதோ தெரியும், அதைச் சொல்லித்தரச் சொல்லலாம் என்று நினைத்தவள் அவள்தான்.

அவளுக்குக் கல்யாணமானது கோலசிலாங்கூரில் லோரிகள் வைத்திருந்த ஒருவரோடு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகள் ஏற்றிப் போகிற லோரிகள். ஒன்று இரண்டாகி, பிறகு ஒரு கொட்டகை நிறைய ஆனது. புக்கிட் பெலிம்பிங் பக்கம் பெரிய வீடாகக் கட்டிக்கொண்டார்கள். நானும் அதற்குள் தோட்டத்தை விட்டு வெளியேறி, டவுனில் ஒரு கடையில் வயரிங் வேலை பழகி, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். கல்யாணமாகி ஒரு மகள். வாடகை வீடு. தனியாகத் தொழில் பார்க்கலாமா அல்லது ரவாங்கில் புதிதாக வந்த தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். தொழிற்சாலையில் வரச்சொல்லியே விட்டார்கள். மாதச் சம்பளம், மருத்துவச் செலவு, சீருடை எல்லாம் உண்டு.

அப்போதுதான் அவள் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. எண்பதுகளின் நடுவில், எங்கள் ஆட்களில் பெண் ஒருத்தி தானே கார் ஓட்டி வருவது வேடிக்கை பார்க்கிற விஷயம். பக்கத்து வீடுகளில் திரைகள் விலகின.

“அண்ணே, வீட்டுக்குப் பின்னால நீச்சல் குளம் கட்டறோம். கரண்டு வேலைய நீங்கதான் செய்யணும். வேற யாரையும் நான் நம்பமாட்டேன்” என்றாள்.

நீச்சல் குளம் என்றால் துரை பங்களாவில் இருப்பது. வேலிக்கு வெளியே நின்று நாங்கள் பார்த்தது. அது அவள் வீட்டில் வரப்போகிறது, அதற்கு நான் கரண்டு கொடுக்கப்போகிறேன். மறுநாள் தொழிற்சாலைக்குப் போய், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பொறுக்க முடியாது என்றார்கள். சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

குழி வெட்டியிருந்தார்கள், சிமெண்டு இன்னும் பூசவில்லை. மாலை வேளைகளில் போவேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குழியின் ஓரத்தில் போட்டு, தேநீரும் வடையும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

“எனக்கு எல்லாம் அதுவா நடக்கணும்ணே. காலையில பம்ப்பு அதுவா ஓடணும், அதுவா நிக்கணும். பொழுது சாஞ்சா லைட்டு அதுவா எரியணும். தண்ணி கொறஞ்சா அதுவா ரொம்பணும். நான் கை வைக்கவே கூடாது. முடியுமா?”

“முடியும் தங்கச்சி.”

“எப்படி?”

அந்த ‘எப்படி’க்காகவே நான் கோலாலம்பூர் வரை பஸ் ஏறிப் போனேன். மின்சாதனக் கடையில் டைமரைக் கையில் எடுத்துப் பார்த்து, கடைக்காரனிடம் கெஞ்சி ஒரு பழைய மாதிரியை வாங்கி வந்தேன். மெதுவாகச் சுழலும் ஒரு வட்டத் தட்டு, ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள். பல்லை வெளியே இழுத்து வைத்தால் அந்த நேரத்துக்குப் பம்ப்பு ஓடும், உள்ளே தள்ளினால் நிற்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் குழந்தை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நீர்மட்டம் இறங்கினால் தானும் இறங்கி, குழாயைத் திறந்துவிடும் மிதவையைப் பற்றிச் சொன்னேன். பம்ப்பு அறையைக் குளத்திலிருந்து தள்ளி, மேட்டில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். தண்ணீருக்குள் நிற்கிறவன் கை எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்சும் இருக்கக்கூடாது. கரண்டு எங்காவது கசிந்தால் அந்த நொடியே தானாக விழுகிற பிரேக்கர் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். முளையடித்துக் கயிறு கட்டி, பைப் எந்த வழியாகப் போகும் என்று தரையிலேயே காட்டினேன்.

தண்ணீருக்கடியில் வைக்கிற விளக்குகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள்.

“அதுக்கு மட்டும் ஏன் தனியா டிரான்ஸ்ஃபார்மர்? வீட்டுல எரியற கரண்டையே விட்டா என்ன?”

“வீட்டுக் கரண்டு தண்ணியில கசிஞ்சா உள்ள இருக்கறவங்களப் புடிச்சுக்கும் தங்கச்சி. கத்தக்கூட முடியாது. வெளிய நிக்கறவங்களுக்கு முங்கி விளையாடற மாதிரிதான் தெரியும். அதனாலதான் பன்னெண்டு வோல்ட்டா கொறச்சு விடறது. அது கசிஞ்சாலும் ஆள ஒன்னும் பண்ணாது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஊஞ்சலில் அவளுடைய மகனும் மகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“சின்னப் புள்ளைங்கன்னா இன்னும் ஆபத்தாண்ணே?”

“ஆமா.”

“சரி. பன்னெண்டு வோல்ட்டு, தனி டிரான்ஸ்ஃபார்மர், முன்னால பிரேக்கர். இதுதானண்ணே?”

“அதேதான்.”

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான் எனக்கு. என் மனைவி வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள், “கல்யாணமான நாள்லேருந்து என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல நீங்க” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அவங்க கேக்கறாங்க, நீங்க சொல்றீங்க. சரி. அவங்க எதாச்சும் சொன்னாங்களா? வேல எப்ப ஆரம்பிக்குது, யாரு சாமான் வாங்கறது, ஒன்னாச்சும் சொன்னாங்களா?”

“லயத்துப் புள்ள அது. நம்மகிட்ட என்ன மறைக்கப் போவுது?” என்றேன்.

பிறகு ஒரு வாரம் மழை. மழை விட்டதும் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. பின்பக்கம் நாலைந்து பேர், நான் கயிறு கட்டிய அதே வழியில் வாய்க்கால் வெட்டி, பைப்பை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பம்ப்பு அறைக்கு நான் காட்டிய மேட்டில் செங்கல் எழும்பியிருந்தது. ஃபோர்மன் ஒரு சீனர், நல்ல மனிதர். நான் யாரோ வேடிக்கை பார்க்க வந்தவன் என்று நினைத்து, சிகரெட்டை நீட்டி மலாயில் பேச ஆரம்பித்தார். டைமர் இங்கே வரும், மிதவை அங்கே வரும் என்று காட்டினார். “எல்லாம் மேடம் சொன்னதுதான். நான் யோசிக்கவே வேண்டியதில்லை. மேடம் பண்டாய்லா” என்றார். பண்டாய் என்றால் கெட்டிக்காரி.

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகத்தில் சின்ன அதிர்ச்சிகூட இல்லை.

“வாங்கண்ணே. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். இவங்க அவரோட கூட்டாளி கம்பெனி. பெரிய ஆளுங்களா வச்சா நாளைக்கு ரிப்பேருக்கு லேசுன்னு சொல்லிட்டாரு. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

தொழிற்சாலை வேலையை விட்டதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அவள் அருகில் வந்து, தலையைச் சாய்த்து, குரலைத் தணித்துக் கேட்டாள்:

“அண்ணே, ஒன்னு மட்டும் கேக்க மறந்துட்டேன். நடுவுல கரண்டு போயிட்டு வந்தா, அந்த டைமருக்கு மறுபடியும் நேரம் வைக்கணுமா?”

“வைக்கணும்” என்றேன். “எவ்வளவு நேரம் கரண்டு இல்லியோ அவ்வளவு நேரம் பின்னால போயிருக்கும். கையால திருப்பி விடணும்.”

சொல்லிவிட்டேன். கேட்டாள், சொல்லிவிட்டேன். மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றைக்குத்தான் லயத்தில் துணி தைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் ஞாபகம் வந்தது. கால் கொஞ்சம் ஊனம், பால்வெட்டு வேலைக்குப் போக முடியாதவர். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துத்தான் பிழைப்பு. இவள் தினமும் சாயங்காலம் அந்த அக்காவின் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கை எப்படி வெட்டுவது, கழுத்து எப்படி மடிப்பது என்று கேள்விமேல் கேள்வி. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த தீபாவளிக்குக் கிராணி வீட்டுத் துணி எல்லாம் இவளிடம் வந்தது. நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் தெரியுமா? ‘கெட்டிக்காரப் புள்ள’ என்று பேசிக்கொண்டோம். அந்த அக்கா என்ன பேசினார் என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

குளம் கட்டி முடிந்து, அவள் மகன் பிறந்தநாளுக்கு விருந்து வைத்தார்கள். அவளே வந்து அழைத்தாள். பழைய லயத்துக் குடும்பங்கள் எல்லோரையும் பிள்ளைகளோடு வரச்சொல்லியிருந்தாள். என் மனைவி, “நான் வரல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நீச்சல் குளம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் போனேன்.

குளம் அழகாகத்தான் இருந்தது. நீல ஓடுகள். தோட்டத்துப் பிள்ளைகள் பத்திருபது பேர், சட்டையோடும் பாவாடையோடும் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் பாட்டு. முதலாளி, அதாவது அவள் கணவர், கையில் கிளாசோடு ஒவ்வொருவரிடமும் போய், “இருட்டட்டும் பாருங்க. தண்ணிக்குள்ளேருந்து லைட்டு வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோர்மனும் வந்திருந்தார். பம்ப்பு அறை வாசலில் நின்று பீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா உள்ளே எட்டிப் பார்த்தேன். டைமர் இருந்தது, பிரேக்கர் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லை.

“டிரான்ஸ்ஃபார்மர் எங்கே?” என்றேன்.

“பாஸ் வேண்டாம்னுட்டார். அதுல லைட்டு மங்கலா இருக்காம். நேரா வீட்டுக் கரண்டுதான்.”

“பிரேக்கர் விழலியா?”

“விழுந்துச்சுலா. போடப் போட விழுந்துச்சு. எங்கியோ தண்ணி பூந்திருக்கு. இன்னிக்கு விருந்து, அதனால லைட்டு லைன மட்டும் பிரேக்கருக்கும் டைமருக்கும் வெளிய எடுத்து, சுவத்துல தனி சுவிட்சு வச்சிட்டேன். அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்.”

கசிகிறது என்று பிரேக்கர் விழுந்து விழுந்து சொல்லியிருக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

“மேடத்துக்குத் தெரியுமா?”

“தெரியாம? காலையில இங்கியே நின்னு எல்லாம் கேட்டாங்க. தண்ணிக்குள்ள ஆள் இருந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. ஆள் இல்லாதப்ப போட்டுக்குங்கன்னு சொன்னேன்.”

நான் திரும்பிக் குளத்தைப் பார்த்தேன். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. அவள் கரையில் இரண்டு துண்டுகளோடு குனிந்து நின்று, தன் மகனையும் மகளையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகன் வரமாட்டேன் என்று அழுதான். கையைப் பிடித்துத் தூக்கினாள். “சளி புடிச்சுக்கும் கண்ணு, போதும்” என்றாள். இருவரையும் துண்டில் சுற்றிக் குளத்தைவிட்டுத் தள்ளி நிறுத்தினாள். மற்ற பிள்ளைகள் தண்ணீருக்குள்ளேயே இருந்தார்கள். என் மகள் நடுவில் நின்று யார்மேலோ தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கிளாசை வைத்துவிட்டு, சுவரில் இருந்த சுவிட்சை நோக்கி நடந்தார்.

நான் கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவரைப் பிடிக்க முடியாத தூரம். பம்ப்பு அறைக்குள் பாய்ந்து மெயினை இழுத்துவிட்டேன். பாட்டு நின்றது. குளத்தைச் சுற்றியிருந்த விளக்குகள் அணைந்தன. லைட்டு லைனுக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, “எல்லாப் புள்ளைங்களும் மேல வாங்க! வெளிய வாங்க!” என்று தொண்டை கிழியக் கூவினேன். செருப்போடு தண்ணீரில் இறங்கி என் மகளைத் தூக்கினேன். அவள் பயந்து வீறிட்டாள்.

முதலாளி என் சட்டையைப் பிடித்தார். “என்னய்யா, பைத்தியமா புடிச்சிருக்கு? வேல கெடைக்கலன்னு நம்ம வீட்டு விசேஷத்துல வந்து கலாட்டா பண்றியா?”

நான் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, லைட்டுக்குப் பிரேக்கர் இல்லை, தண்ணீரில் கசிகிறது, பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவர் ஃபோர்மனைப் பார்த்தார். ஃபோர்மன் தரையைப் பார்த்தார். முதலாளி அவருக்குக் கொடுத்திருந்த வேலை அந்தக் குளம் மட்டுமல்ல, லோரிக் கொட்டகையும்தான். முதலாளி மனைவி பக்கம் திரும்பினார்.

“நீதானே எல்லாம் கேட்டு வச்சே? சரியாத்தானே இருக்கு?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் பிள்ளைகளின் தலையைத் துவட்டிக்கொண்டே, மிகவும் இரக்கமான குரலில் சொன்னாள்:

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அண்ணனுக்குத்தான் மனசு சரியில்ல. பாவம், விடுங்க.”

லயத்து ஆட்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ‘ஒரு புள்ள முன்னுக்கு வந்தா நம்ம ஆளுங்களுக்கே பொறுக்காது’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஆனால் ஃபியூஸ் என் பையில் இருந்தது. பிள்ளைகள் கரையில் இருந்தார்கள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ஃபியூஸைத் தண்ணீரில் வீசினேன். மகள் ஏன் என்று கேட்டாள். வண்டியைக் கிளப்பினேன்.

விஷயம் கோலசிலாங்கூர் முழுக்கப் பரவியது. நான் குடித்துவிட்டுப் போய் விருந்தைக் கெடுத்தேன் என்றார்கள். டவுனில் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் ரவாங்கில் வேறொரு தொழிற்சாலையில், முதலில் கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டேன். என் மனைவி ஒருநாள்கூட ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொன்னதில்லை.

ரவாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அந்த ஃபோர்மனைப் பார்த்தேன். அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். விருந்துக்கு மறுநாள் விடிந்ததும் மேடம் ஃபோன் செய்தார்களாம். “உடனே டிரான்ஸ்ஃபார்மர் போடணும்னு சொன்னாங்க. பன்னெண்டு வோல்ட்டு, பிரேக்கருக்கு உள்ள. போட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலியே நின்னாங்க. பாஸுக்குத் தெரிய வேணாம்னும் சொன்னாங்க” என்றார். என் சாப்பாட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். நான் தடுக்கவில்லை.

ஆக, என்னை நம்பியிருக்கிறாள். அன்றைக்கும் நம்பினாள், அதற்கு முன்பும் நம்பினாள். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவள் மறந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் அவளைப் பார்த்தேன், உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் நரைத்திருந்தாள். கழுத்து நிறைய நகை. ஒன்றுமே நடக்காத மாதிரி, “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

“மக பெருசாயிருப்பாளே. நீச்சல் கத்துக்கிட்டாளா?”

“இல்ல. அவ தண்ணிப் பக்கமே போறதில்ல.”

தலையைச் சாய்த்து, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல, “அடடா, ஏண்ணே?” என்று கேட்டாள்.

பாயசம் ஊற்ற ஆள் வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டி, இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.